பிளாஸ்டிக் விமான மாடலில் மோட்டார் வைத்துப் புரொப்பெல்லரைச் சுழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரியில் நிற்கும் ஸ்பிட்ஃபயரோ டகோட்டாவோ எஞ்சின் ஓடுகிற தோரணையில் புரொப்பெல்லரைச் சுழற்ற வேண்டும் என்ற ஆசை, கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் தொகுப்பு) ஒட்டும் எல்லோருக்கும் ஒருநாள் வரும். அப்படி ஆசைப்படுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐத்தான் சொல்லியிருக்கிறேன். கடைகளில் கிடைக்கக்கூடியது, அளவும் கைக்கு அடக்கம்.

மோட்டார் வைத்தால் இது பறக்குமா?

பறக்காது. கிட் பிளாஸ்டிக் கனமானது, இறக்கை சின்னது, புரொப்பெல்லரின் அலகுகள், அதாவது விசிறித் தகடுகள், பார்வைக்காக வார்த்தவை. பறக்கும் மாடல் என்பது தெர்மாகோல், பால்சா மரம், ரிமோட் என்று முழுக்க வேறு உலகம். இங்கே பேசுவது மேசைமேல் நிற்கும் மாடலைப் பற்றி மட்டும்.

எந்த அளவில் தொடங்கினால் நல்லது?

முதல் முயற்சிக்கு 1/48. நிஜ ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் சுமார் 78 சென்டிமீட்டர் அகலம். 1/48-இல் அது 16 மில்லிமீட்டர். மூக்குப் பகுதியின் பிளாஸ்டிக் சுவர் இருபுறமும் போனாலும் உள்ளே 6 அல்லது 7 மில்லிமீட்டர் மோட்டார் தாராளமாக உட்காரும். 1/72-இல் அதே மூக்கு 11 மில்லிமீட்டர்தான். முடியாது என்றில்லை, ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த வட்ட எஞ்சின் விமானங்கள் இன்னும் சுலபம். அமெரிக்கப் போர்விமானங்களான கோர்செர், தண்டர்போல்ட் இரண்டிலும் இருந்த ஆர்-2800 எஞ்சினின் விட்டம் 1.34 மீட்டர். 1/48-இல் 28 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய கவுலிங்குக்குள் (எஞ்சினின் மூடி) மோட்டாரை ஒளித்துவைப்பது ஒரு வேலையே இல்லை. கிட்டில் வரும் எஞ்சினின் நடுவில் துளை போட்டுப் பின்னாலிருந்து நுழைத்தால் முன்னால் சிலிண்டர்கள் அப்படியே தெரியும்.

தனியாகச் செய்யப் பொறுமை இல்லை என்றால், மோட்டாரோடு வந்த கிட்டுகளும் உண்டு. டாமியா தன் 1/32 ஜீரோவை எஞ்சின் சத்தத்தோடு புரொப்பெல்லர் சுழலும் தொகுப்பாகவும் வெளியிட்டது. ஆனால் அப்படிப்பட்டவை சொற்பம்.

எந்த மோட்டார் வாங்குவது?

எதையாவது வாங்குவதற்கு முன் வீட்டில் கிடக்கும் பழைய பட்டன் போனைத் திறந்து பாருங்கள். அதிர்வுக்காக 4 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குட்டி உருளை மோட்டார் இருக்கும், ஷாஃப்டின் முனையில் அரைவட்ட எடை ஒன்று மாட்டியிருக்கும். 1/72 மாடலுக்கு இதுவே போதும். எடையைக் கழற்றுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மோட்டாரின் உடலைப் பிடித்துக்கொண்டு எடையை இழுத்தால் ஷாஃப்ட் உள்ளே கழன்று மோட்டாரே போய்விடும். எடையை இடுக்கியால் இறுக்கிப் பிடித்து, அதையே அரத்தால் தேய்த்துப் பிளந்து எடுக்க வேண்டும். புதிய போன்களில் இருக்கும் காசு மாதிரியான தட்டை மோட்டார் இதற்கு உதவாது. அதற்கு வெளியே ஷாஃப்டே கிடையாது.

1/48-க்கு, பொம்மை டிரோன்களுக்கான உதிரிபாகமாகக் கிடைக்கும் கோர்லெஸ் (சுழலும் பகுதியில் இரும்புக் கரு இல்லாத) மோட்டார். 6 மில்லிமீட்டர் விட்டம், 15 மில்லிமீட்டர் நீளம் கொண்டது பெரும்பாலான ஒற்றை எஞ்சின் போர்விமானங்களில் அடங்கும். 7-க்கு 16 அளவும் நன்றாக இருக்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் அரை மணி நேரம் சுற்றினால் போதும். மற்றவர்களுக்கு ஆன்லைன் இருக்கவே இருக்கிறது.

1/32, 1/24 என்று போகும்போது என்20 என்ற பெயரில் விற்கும் கியர் மோட்டாரைப் பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் உயரம். வேகம் கச்சிதமாக வரும், ஆனால் கறகறவென்று சத்தம் போடும். வீட்டுக்கு வருகிறவர்கள் விரலால் புரொப்பெல்லரைத் தட்டிவிட்டால் பல்சக்கரம் முறியும் ஆபத்தும் உண்டு. தட்டாமல் போகிறவர் யாராவது உண்டா என்ன?

எனக்குப் பிடித்தது வேறொன்று. பழைய சிடி பிளேயரிலும் கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவிலும் வட்டு வைக்கும் தட்டை வெளியே தள்ளும், வடிவில் தட்டையான மோட்டார். 24 மில்லிமீட்டர் விட்டம், 12 மில்லிமீட்டர் தடிமன், 2 மில்லிமீட்டர் ஷாஃப்ட். ஒன்றரை வோல்ட்டிலேயே மெதுவாக, சத்தமில்லாமல் ஓடும். 1/32 ஸ்பிட்ஃபயரின் ஒல்லி மூக்கில் நுழையாது. ஆனால் அதே அளவு தண்டர்போல்ட்டில் இதைவிட நல்ல மோட்டார் கிடையாது, அதுவும் ஓசியில்.

எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட மிக மெதுவாக. இந்த வேலையில் முக்கால்வாசிச் சிக்கல், சுழலவைப்பதில் இல்லை, மெதுவாகச் சுழலவைப்பதில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் மெர்லின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும். ஆனால் எஞ்சினுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே 0.477 விகிதத்தில் ஒரு கியர் உண்டு. ஆக, புரொப்பெல்லர் சுழல்வது 1,430 சுற்றுதான். அதுவே டேக்-ஆஃப் வேகம். தரையில் நின்று ஐடிலில் (எஞ்சின் சும்மா, குறைந்த வேகத்தில்) ஓடும்போது சில நூறுதான் இருக்கும்.

டிரோன் மோட்டாரோ 3.7 வோல்ட் கொடுத்தால் காலியாக ஓடும்போது 40,000 சுற்றைத் தாண்டும். புரொப்பெல்லரை மாட்டினால் காற்று இழுத்துப் பிடிக்கும், வேகம் வெகுவாகக் குறையும். அப்படிக் குறைந்து 10,000-இல் நின்றாலும் நமக்கு அது ஏழு மடங்கு அதிகம். 1/48 ஸ்பிட்ஃபயர் புரொப்பெல்லரின் விட்டம் 68 மில்லிமீட்டர் வாக்கில் வரும். 10,000 சுற்றில் அதன் நுனி மணிக்கு சுமார் 128 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பசை வைத்து ஒட்டிய அலகு அந்த வேகத்தில் பிய்த்துக்கொண்டு வந்தால் நேராகக் கண்ணுக்குத்தான். சோதித்துப் பார்க்கும்போது கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள்.

கண்ணுக்கு எவ்வளவு தேவை என்பது இன்னொரு கேள்வி. மூன்று அலகுகள் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழன்றால், ஒரு நொடியில் 50 அலகுகள் ஒரே இடத்தைக் கடக்கும். அதற்குள் கண் தோற்றுவிடும், அலகுகள் மறைந்து மெல்லிய வட்டம்தான் தெரியும். 600 சுற்றில் அலகுகள் லேசாகத் துடிப்பது தெரியும், அதுவும் அழகுதான், எஞ்சினை இப்போதுதான் கிளப்பிய மாதிரி இருக்கும். எனவே 600-க்கும் 1,200-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறையும், அதிர்வு குறையும், மோட்டாரின் ஆயுளும் கூடும்.

சரி, வேகத்தை எப்படிக் குறைப்பது?

முதலில் எல்லோரும் ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டுப் பார்ப்பார்கள். ஓடும், ஆனால் கிளம்பாது. காரணம் எளிது: நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும்போது கரண்ட்டை அதிகமாக இழுக்கும். கரண்ட் கூடக்கூட ரெசிஸ்டர் விழுங்கும் வோல்ட்டும் கூடும். கடைசியில் மோட்டாருக்கு அதிகம் தேவைப்படும் நொடியில் குறைவாகக் கிடைக்கும். விரலால் ஒரு தட்டு தட்டினால்தான் ஓடும். பழைய விமானங்களில் மெக்கானிக் கையால் சுற்றிவிடுவது போலவே இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

ரெசிஸ்டருக்குப் பதில் டயோடு போடுங்கள். 1என்4007 என்று கேட்டால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக்குக் கிடைக்கும். ஒவ்வொன்றும் சுமார் 0.7 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், கரண்ட் கூடினாலும் அந்த அளவு பெரிதாக மாறாது. இரண்டு பென்சில் செல் தரும் 3 வோல்ட்டில் இரண்டு டயோடு போட்டால் மோட்டாருக்கு 1.6 வோல்ட் போகும். இன்னும் மெதுவாக வேண்டுமா, மூன்றாவதைச் சேருங்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து வரும் வயரில் போடுங்கள், வெள்ளைக் கோடு இருக்கும் முனை மோட்டாரின் பக்கம் இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் கரண்டே போகாது.

போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் எடுப்பவர்களுக்கு எல்எம்2596 சிப் உள்ள சின்ன போர்டு வசதி. அதிலிருக்கும் ஸ்க்ரூவைத் திருகி 1.25 வோல்ட் வரை இறக்கலாம். பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும்) கன்ட்ரோலர் இன்னும் நயமாக வேகத்தை மாற்றும், குமிழைத் திருப்பினால் ஐடிலிலிருந்து மெல்ல ஏறும். ஆனால் மலிவான சிலவற்றில் மோட்டார் கொசு மாதிரி ரீங்கரிக்கும். அமைதியான அறையில் அது பெரிய தொல்லை.

எதையும் சேர்க்காத வழியும் உண்டு: ஒற்றை பென்சில் செல் (ஏஏ), 1.5 வோல்ட். முதல் மாடலுக்கு இதை முயன்று பாருங்கள், பல மோட்டார்களுக்கு அதுவே போதும்.

சுழலும்போது மாடலே நடுங்குகிறது. ஏன்?

துளை நடுவில் இல்லை, அல்லது அலகுகளின் எடை ஒன்றுபோல் இல்லை. பெரும்பாலும் முதலாவது.

ஷாஃப்ட் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. அதற்கான துளையை ஸ்பின்னரின் (புரொப்பெல்லரின் நடுவில் உள்ள கூம்பு மூடி) பின்தட்டில் போடும்போது கால் மில்லிமீட்டர் விலகினாலும் ஆட்டம் தெரியும். கிட்டில் பின்தட்டின் நடுவில் ஏற்கெனவே ஒரு குச்சி வார்த்திருப்பார்கள். அதை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். தட்டையாகத் தேய்த்தால் நடுப்பகுதி எங்கே என்று அதுவே அடையாளம் காட்டும். ஊசி முனையால் அந்த இடத்தில் குழி போட்டு, 0.5 மில்லிமீட்டர் பிட்டில் தொடங்கி, கை டிரில்லால் மெல்ல மெல்லப் பெரிதாக்க வேண்டும். மின்சார டிரில் வேண்டாம், பிளாஸ்டிக் உருகி துளை இழுத்துக்கொண்டு போகும்.

ஷாஃப்டை நேராகப் பசை வைத்து ஒட்டாதீர்கள். மெல்லிய வயரின் மேலுறையை அரை சென்டிமீட்டர் உருவி ஷாஃப்டில் செருகி, அதன்மேல் புரொப்பெல்லரை அழுத்தினால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வேண்டும்போது கழற்றலாம். ரப்பர் மாதிரி இருப்பதால் சின்ன அதிர்வுகளையும் அதுவே வாங்கிக்கொள்ளும். அங்கே ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் அது ஷாஃப்ட் வழியே மோட்டாருக்குள் ஊறி எல்லாவற்றையும் பூட்டிவிடும்.

எடை பார்க்க, துளையில் ஒரு ஊசியைச் செருகி, படுக்கைவாட்டில் பிடித்துப் புரொப்பெல்லரைத் தானாகச் சுற்ற விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அலகு கீழே வந்து நின்றால் அதுதான் கனம். அதன் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேயுங்கள், எந்த அலகும் குறிப்பாகக் கீழே இறங்காத வரை. அதன்மேல் பெயின்ட் வரும் என்பதால் தேய்த்தது தெரியாது. இதைப் பெயின்ட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை செய்ய வேண்டும். நுனியில் மஞ்சள் பூச்சு கொஞ்சம் கெட்டியாக விழுந்தாலே கணக்கு மாறிவிடும்.

அலகுகள் தனித்தனியாக வரும் கிட் என்றால், ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய பித்தளைக் கம்பி செருகி அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். மாடல் பசையை மட்டும் நம்ப வேண்டாம்.

எந்தப் பக்கம் சுழல வேண்டும்?

விமானி இருக்கையிலிருந்து பார்த்து வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று சொல்வது வழக்கம். மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், லங்காஸ்டர், டகோட்டா எல்லாம் வலஞ்சுழி. பிற்கால ஸ்பிட்ஃபயரில் வந்த கிரிஃபன் எஞ்சின் இடஞ்சுழி. 1947-48 காஷ்மீர் போரில் இந்திய விமானப்படை பறக்கவிட்ட டெம்பெஸ்ட் 2-இன் சென்டாரஸ் எஞ்சினும், டைகர் மாத்தின் ஜிப்சி மேஜரும் இடஞ்சுழிதான்.

பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அலகைத் தடவிப் பாருங்கள். ஒரு விளிம்பு தடித்து உருண்டிருக்கும், மற்றது மெலிந்திருக்கும். தடித்த விளிம்புதான் காற்றை முதலில் வெட்ட வேண்டும். தலைகீழாகச் சுழன்றால் மோட்டாரின் இரண்டு வயர்களையும் மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

பி-38 லைட்னிங் கட்டுகிறவர்கள் மட்டும் கவனம். அதில் இரண்டு புரொப்பெல்லரும் எதிரெதிர்த் திசையில், மேலே வரும்போது வெளிப்புறமாகச் சுழலும். சோதனைக்காகக் கட்டிய முதல் விமானத்தில் உட்புறமாக இருந்ததைப் பிறகு மாற்றினார்கள். கிட்டிலும் இடது வலது என்று இரண்டு விதமான அலகுகள் வரும், சட்டகத்திலிருந்து வெட்டும்போதே பிரித்து வையுங்கள்.

பேட்டரியை எங்கே வைப்பது? வயரை எப்படி மறைப்பது?

பேட்டரி மாடலுக்குள் வேண்டாம். மரப்பலகையோ பெட்டியோ அடியில் வைத்து அதற்குள் வையுங்கள். செல் கசிந்தால் பலகையோடு போகும். உடலுக்குள் லித்தியம் பேட்டரியை வைத்து ஒட்டி மூடுவது நிச்சயம் கூடாது, அது உப்பினால் மாடல் பிளக்கும், அதற்கு மேலும் ஆகலாம். சிஆர்2032 பட்டன் செல்லும் சரிப்படாது. எல்இடிக்கு அது நல்ல செல், மோட்டார் கேட்கும் கரண்ட்டை அதனால் தர முடியாது. பவர் பேங்கில் இன்னொரு தொல்லை: இவ்வளவு குறைவாகக் கரண்ட் எடுத்தால் எதுவும் இணைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சில நொடிகளில் தானே அணைந்துவிடும்.

சக்கரம் இறக்கிய மாடலில் வயர் இறங்க வேண்டிய வழி கால்தான். 0.2 மில்லிமீட்டர் எனாமல் செப்புக் கம்பி வாங்குங்கள், காயில் சுற்றும் கடைகளில் கிடைக்கும். நிஜ விமானத்தில் பிரேக்குக்கான குழாய் காலின் ஓரமாகச் சக்கரம் வரை இறங்கும். நம் கம்பியும் அதே பாதையில் போய், கறுப்புப் பூசப்பட்டு, சக்கரத்தின் அடியிலிருக்கும் துளை வழியே பலகைக்குள் நுழைந்தால் பார்ப்பவர்கள் விவரமான வேலை என்று பாராட்டுவார்கள். இடக்காலில் ஒன்று, வலக்காலில் ஒன்று. முனைகளில் எனாமலைச் சுரண்டாமல் ஈயம் பற்றாது. ஈயம் வைக்கும் வேலையை மோட்டார் உடலுக்கு வெளியே இருக்கும்போதே முடித்துவிடுங்கள், சூடு பட்டால் பிளாஸ்டிக் நொடியில் இளகிவிடும்.

சக்கரம் மடக்கிய, பறக்கும் நிலை மாடலுக்குப் பித்தளைக் குழாய்த் தண்டு. குழாயையே ஒரு முனையாகவும் உள்ளே போகும் உறையிட்ட வயரை மறுமுனையாகவும் பயன்படுத்தலாம்.

எல்இடி விளக்குகளும் இருந்தால் மோட்டாரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே 104 என்று அச்சிட்ட சிறு செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். பிரஷ்களின் பொறியால் விளக்கு சிமிட்டுவது குறையும்.

ஒட்டி மூடிய பிறகு மோட்டார் கெட்டுவிட்டால்?

கெடும். பிரஷ் உள்ள மோட்டார் எதுவும் தேயத்தான் செய்யும். கோர்லெஸ் மோட்டாரை முழு வோல்ட்டில் ஓட்டினால் சில மணி நேரமே தாங்கும், குறைந்த வோல்ட்டில் பல மடங்கு கூடும். அதனால் மோட்டாரை ஒட்டாதீர்கள். அதைவிட ஒரு நூல் பெரிய குழாயை மூக்கினுள் நேராக நிறுத்தி அரால்டைட் வைத்து ஒட்டுங்கள். மோட்டாரின்மேல் ஒரு சுற்று டேப் சுற்றி அந்தக் குழாய்க்குள் முன்பக்கமிருந்து தள்ளினால் இறுக்கமாக நிற்கும். வயரை ஒரு விரல் நீளம் கூடுதலாக உள்ளே விட்டுவைத்தால், ஸ்பின்னரைக் கழற்றி மோட்டாரை வெளியே இழுத்து மாற்றிவிடலாம்.

இரண்டு, நான்கு எஞ்சின் விமானங்களில்?

மோட்டார்களைப் பேரலலாக (ஒவ்வொன்றுக்கும் பேட்டரியிலிருந்து தனித்தனி வயர்) இணையுங்கள். சீரிஸில் (ஒன்றின்பின் ஒன்றாக) இணைத்தால் ஒன்று சிக்கி நின்றதும் மற்றது வெறிபிடித்த மாதிரி ஓடும். எல்லாம் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவையாக இருக்கட்டும். அப்படியும் வேகத்தில் சின்ன வித்தியாசம் இருக்கும், அது பரவாயில்லை.

முதல் உலகப் போர் விமானங்களுக்கும் இதே முறைதானா?

சோப்வித் கேமல், ஃபோக்கர் டிஆர் 1 போன்றவற்றில் புரொப்பெல்லரை மட்டும் சுழற்றினால் தப்பு. அவற்றில் இருந்தது ரோட்டரி எஞ்சின். கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு பிணைக்கப்பட்டு அசையாமல் நிற்கும், ஒன்பது சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். மாடலிலும் எஞ்சினையும் புரொப்பெல்லரையும் ஒன்றாக ஒட்டி, அந்த மொத்த உருப்படியையும் மோட்டாரில் மாட்ட வேண்டும். கனம் கூடுவதால் எடையைச் சமன்செய்ய இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள், எஞ்சின் கவுலிங்கில் உரசாமல் இடைவெளியும் விடுங்கள். ஆனால் கவுலிங்குக்குள் எஞ்சினே சுழலும் அந்தக் காட்சிக்கு ஈடு கிடையாது. சுழலும் மாடல் ஒன்றே ஒன்றுதான் செய்யலாம் என்றால் நான் கேமலைத்தான் எடுப்பேன்.

ஒரே மூக்கில் இரண்டு புரொப்பெல்லர் எதிரெதிராகச் சுழலும் விமானம்?

அரக்கோணத்தின் கடற்படை விமானத்தளமான ஐஎன்எஸ் ராஜாளியிலிருந்து 2017 வரை பறந்த டியூ-142 ரோந்து விமானம் பலருக்கும் ஆசை. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் இரண்டு புரொப்பெல்லர், மொத்தம் எட்டு. உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு குழாய், இரண்டுக்கும் எதிர்த்திசை கொடுக்கக் கூம்புப் பல்சக்கரங்கள் என்று 1/72-இல் நான்கு முறை செய்ய வேண்டும். லேத் வைத்திருப்பவர்கள் முயலலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது, அலகுகளை வெட்டிவிட்டு மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள்.

காக்பிட்டில் விமானி வேண்டுமா?

வேண்டும். எஞ்சின் ஓடுகிறது, இருக்கை காலி என்றால் மற்ற வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். தரையில் நிற்கும் மாடலுக்குச் சக்கரத்தின் முன் கட்டையும் வையுங்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்த மாடலில் வைக்க முடியுமா?

வட்ட எஞ்சின் என்றால் கவுலிங்கைப் பிரித்து உள்ளே போகலாம். ஒல்லி மூக்கு விமானத்தில் ஸ்பின்னரின் பின்னாலிருந்து 6 மில்லிமீட்டர் துளையைக் கையால் குடைய வேண்டும், வயரை வெளியே கொண்டுவருவது அதைவிடக் கஷ்டம். பழைய கிட் ஒன்றைப் புதிதாக வாங்குவது மலிவு.

வீடியோ எடுத்தால் புரொப்பெல்லர் நின்றுகொண்டிருக்கிறது, அல்லது வாழைப்பழம் மாதிரி வளைகிறது. என்ன செய்வது?

வளைவது போன் கேமராவின் குணம். படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் அலகு நகர்ந்துவிடுகிறது. நின்றுகொண்டிருப்பது விளக்கின் வேலையாகவும் இருக்கலாம். நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை சிமிட்டும். மூன்று அலகுப் புரொப்பெல்லர் 2,000 சுற்றில் இருந்தால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் சரியாக 120 டிகிரி நகரும், அதாவது முந்தைய அலகின் இடத்துக்கே அடுத்தது வந்து நிற்கும். 1,000 சுற்றில் ஆறு அலகு நிற்பது போலத் தெரியும். வெறும் கண்ணுக்கே தெரிந்தால் வேகத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

கேமராவை புரோ மோடில் வைத்து ஷட்டரை 1/50-க்குக் கொண்டுவாருங்கள். 1,000 சுற்றில் அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு அலகும் 120 டிகிரி போய்விடுவதால் முழு வட்டமும் சீராக மங்கி விழும். படம் வெளுத்துப்போனால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) குறையுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு எடுங்கள்.